பாலாற்று மணலில் ஓடும் ரோவர்: முதல்முறை செய்பவர்களுக்கு

நிலாவிலும் செவ்வாயிலும் ஓடும் ஆய்வு வண்டி மாதிரி ஒரு ரோவர் செய்யலாம் என்று உட்கார்ந்ததும் எல்லாரும் மோட்டாரைத்தான் முதலில் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான். தப்பு. மண்ணை முதலில் பாருங்கள். ரோவரை ஓட்டிச் சோதிக்க நிலா மண் மாதிரி வேண்டி இஸ்ரோவே நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி பாறையைத்தான் பொடித்தது. நமக்குப் பாலாறு போதும். வறண்டு கிடக்கும்போது இறங்கினால் கால் புதையும். மணலை லேசாக நினைக்க வேண்டாம், செவ்வாயில் நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2009இல் மணலில் மாட்டியது, கடைசிவரை வெளியே வரவில்லை.

சரி, பொருட்கள்: ஆறு பிஓ மோட்டார் (பேட்டரியில் ஓடும் சின்ன கியர் மோட்டார்), 6.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஆறு, பிவிசி குழாய், எல்போ (குழாயை வளைத்து இணைப்பது), உடலுக்கு ஒரு டப்பா, ஒரு மரச்சட்டம், நட்டு போல்ட், பழைய சைக்கிள் டியூப், இரண்டு ஸ்போக். ஸ்பிரிங் வேண்டாம். ஸ்பிரிங் போட்டால் கல்லில் ஏறிய சக்கரம் கூடுதல் பாரத்தைச் சுமக்கும், பள்ளத்தில் இறங்கியது சும்மா சுழலும். 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் சோஜர்னர் முதல் நம்ம சந்திரயானின் பிரக்யான் வரை ஸ்பிரிங் இல்லாத ராக்கர்-போகிதான்: பக்கத்துக்கு ஒரு நீளக் கை (ராக்கர்), அதன் ஒரு முனையில் இரண்டு சக்கரம் கோத்த சின்னக் கை (போகி).

முதலில் போகி. இரண்டு சக்கரம், நடுவே 15 செ.மீ. இடைவெளி, சரியாக மையத்தில் ஒரு துளை.

அப்புறம் ராக்கர், கவனம் தேவைப்படுவது இங்கேதான். 22.5 செ.மீ. குழாயின் ஒரு முனையில் எல்போ போட்டுக் கால் இறக்கி முன்சக்கரம், மறுமுனையில் போகியின் மையத்துளை. போகி முனையிலிருந்து 7.5 செ.மீ.யில் துளை போட்டு உடல் டப்பாவை மாட்டுங்கள். போகிப் பக்கம் இரண்டு சக்கரம், முன்பக்கம் ஒன்று. அதனால் தூரம் ஒன்றுக்கு இரண்டு இருந்தால்தான் மூன்றும் சமமாகச் சுமக்கும், தராசுக் கணக்குதான். மறுபக்கமும் இதே மாதிரி.

டப்பா மேல் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, நடுவில் மட்டும் சுழலும்படி போல்ட் போடுங்கள். ராக்கர் துளைக்கு மேலே சின்னக் கொம்பு ஒன்றை நிறுத்தி, அதைச் சட்டத்தின் முனையோடு ஸ்போக்கால் இணையுங்கள். இடது முன்சக்கரம் கல்லேறினால் வலது முன்சக்கரம் தரையை அழுத்தும், டப்பா பாதிதான் சாயும். எதற்கு இதெல்லாம் என்று முதல் வண்டியில் இதை விட்டுவிட்டேன், டப்பா மூக்குக் குப்புற மணலில் குத்தியது, ஆற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன் ஒருவன், "அண்ணா, உங்க வண்டி தண்ணி தேடுதா?" என்றான்.

வயரிங் எளிது: இடது மூன்றும் ஒன்றாக, வலது மூன்றும் ஒன்றாக. சக்கரத்தில் டியூபைப் பட்டையாக வெட்டிக் குறுக்கே ஒட்டுங்கள், வழுவழு சக்கரம் மணலில் பிடிக்காது.

கடைசியாகச் சோதனை. சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் 204 செ.மீ. போக வேண்டும். டேப்பில் 150தான் வருகிறதா? கால்பங்குக்கு மேல் வழுக்கல். பட்டையை இன்னும் உயரமாக ஒட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.