ஆள்காட்டியா வரகுக்கோழியா, புல்வெளியில எப்படி பிரிச்சு பாக்கறது

மழைக்காலத்துல குஜராத் வேளாவதர் புல்வெளிக்கோ, ராஜஸ்தான்ல அஜ்மீர் பக்கமோ பறவை பாக்க போறவங்களுக்கு இது. ஆள்காட்டின்னு இங்க சொல்றது சிவப்பு மூக்கு ஆள்காட்டியை (Red-wattled Lapwing), வரகுக்கோழிங்கறது கானமயில் குடும்பத்துல ஒரு சின்ன பறவை (Lesser Florican). முதல்ல காதை தீட்டிக்கோங்க. தரையில இருந்து ஒண்ணு கத்திக்கிட்டே கிளம்பி உங்க தலைக்கு மேல சுத்தி சுத்தி வந்து ஊரையே கூட்டுதுன்னா அது ஆள்காட்டிதான், யோசிக்கவே வேணாம். வரகுக்கோழி அப்படியே நேர்மாறு, ஆள் வர்றது தெரிஞ்சா புல்லுக்குள்ள தலையை தாழ்த்தி சத்தமில்லாம நழுவிடும்.

நிறத்துல ஒரு சிக்கல் இருக்கு. ஜோடி சேர்ற சீசன்ல ஆண் வரகுக்கோழியும் கறுப்பு வெள்ளை, றெக்கையிலயும் வெள்ளை தெரியும், தூரத்துல பாத்தா குழப்பும். அதனால பைனாகுலர்ல பறவையோட வயித்தை பாருங்க. வயிறு வெள்ளைன்னா ஆள்காட்டி, வயிறு கறுப்பு தொண்டை வெள்ளைன்னா வரகுக்கோழி. அப்புறம் ஆள்காட்டிக்கு கண்ணுக்கு முன்னாடி சிவப்பு சதை, சிவப்பு அலகு, மஞ்சள் கால். ஆண் வரகுக்கோழிக்கு தலைக்கு பின்னாடி ரிப்பன் மாதிரி இறகு வளைஞ்சு நிக்கும், அழகுன்னா அவ்ளோ அழகு.

இதெல்லாம் தெரியலைன்னா ஒரே இடத்துல நின்னு காத்திருங்க. ஆண் வரகுக்கோழி புல்லுக்கு மேல ரெண்டு மீட்டர் வரைக்கும் எகிறி குதிச்சு றெக்கையை படபடன்னு அடிச்சு அப்படியே இறங்கும், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல குதிக்கும், காலையிலயும் சாயந்தரமும்தான் ஜாஸ்தி. இந்த குதியை வச்சே ஒரு காலத்துல வேட்டைக்காரங்க குறி பாத்து சுட்டாங்கன்னு நினைச்சா மனசே ஆறாது.

பெட்டை கஷ்டம். மணல் நிறம், உடம்பெல்லாம் கறுப்பு கோடு, ஆணை விட கொஞ்சம் பெருசு, ஆனா கண்ணுல படவே படாது.

ஆள்காட்டி எங்க பாத்தாலும் இருக்கு. வரகுக்கோழியை 2021ல அழிவோட விளிம்புல இருக்கற பட்டியல்லயே சேத்துட்டாங்க, புல்வெளியெல்லாம் வயலாகுது, மிச்சம் இருக்கறதுல நாய்த்தொல்லை வேற. ரெண்டும் தரையிலதான் முட்டை வைக்கும், ஆனா ஆள்காட்டிக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் காவல், வரகுக்கோழிக்கு தாய் மட்டும்தான். அதனால வழியை விட்டு புல்லுக்குள்ள இறங்காதீங்க, ரெக்கார்ட் பண்ண சத்தத்தை போட்டு கூப்பிடாதீங்க, போட்டோ போட்டா இடம் சொல்லாதீங்க. பெட்டை தென்பட்டா அங்கேயே நின்னுட்டு வந்த தடத்துலயே பின்வாங்கிடுங்க.