ஸ்கூல் பஸ் கேமரா டிக்கெட்: ஓட்டியது மச்சான், கட்டியது நான்

நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் என் காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போன மச்சான், எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு மின்ன நிற்பதைப் பார்த்து, ஒழுங்காக வேகத்தைக் குறைத்து ஊர்ந்துதான் போயிருக்கிறார். பிள்ளைகள் ஏறி இறங்க பஸ் அப்படி நின்றால் மற்ற வண்டிகளும் நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. ஆனால் சாலையின் நடுவில் மீடியன், அதாவது இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் திட்டு, வேறு இருந்தது. அவர் லைசென்ஸ் எடுத்தது நியூ ஜெர்சியில். அங்கே மீடியன் இருந்தால் எதிர்ப்பக்க வண்டி மணிக்கு 10 மைலுக்குக் குறைத்துக்கொண்டு போகலாம். நியூயார்க்கில் அது தப்பு. நடுவில் தடுப்பு இருந்தாலும் இரண்டு பக்கமும் நின்றாக வேண்டும். சில வாரம் கழித்து ஒரு கவர் வந்தது, 250 டாலர் அபராதம், என் பெயருக்கு.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே ஓட்டும் நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த விதி அரைகுறையாகத்தான் தெரியும். ஊரில் ஸ்கூல் பஸ் நின்றால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்ப் பழகிய கை இது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வருடாவருடம் நாடு முழுக்க இப்படித் தாண்டும் வண்டிகளை பஸ் டிரைவர்களை ஒரே ஒரு நாள் எண்ணச் சொல்லி, அதைப் பள்ளி ஆண்டின் 180 நாளுக்குப் பெருக்கிப் பார்க்கிறார்கள். 2023-24இல் வந்த கணக்கு 4.5 கோடி அத்துமீறல்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பின்னாலும் போலீஸ் போக முடியாது என்பதால்தான் பஸ்ஸிலேயே கேமரா வந்தது.

கேமரா எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருப்பதே முதல் தவறு. பஸ் டிரைவர் நம்மைப் பிடிக்காமல் படம் எடுத்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். அவர் எதையும் அழுத்துவதில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் மடங்கியிருக்கும் அந்த எட்டுமூலை ஸ்டாப் பலகை விரிந்திருக்கும்போது எந்த வண்டி தாண்டினாலும் வீடியோ, நம்பர் பிளேட், நேரம், இடம் எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அதைக் கேமரா நிறுவனத்தின் ஆட்கள் முதலில் சலித்து, பிறகு போலீஸோ கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலரோ பார்த்து ஒப்புதல் தந்தால் நோட்டீஸ் கிளம்பும். பெரும்பாலும் கேமராவை நிறுவனமே இலவசமாக மாட்டிக் கொடுத்துவிட்டு, அபராதத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை; டிக்கெட் கூடினால் வருமானம் கூடும் ஒருவரிடம் முதல் சல்லடையைக் கொடுப்பது சரியில்லை. அது தனிச் சண்டை. அதற்காக பஸ்ஸைத் தாண்டலாம் என்று ஆகிவிடாது.

ஓட்டும்போது செய்யும் தவறுகளில் பெரியது இந்த மீடியன் குழப்பம்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. ஃப்ளோரிடாவில் நடுவில் உயர்த்திய மீடியனோ தடுப்போ, அல்லது குறைந்தது 5 அடி அகலத்துக்குத் தார் போடாத இடமோ இருந்தால் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியதில்லை. வெறும் மஞ்சள் கோடு தடுப்பு ஆகாது. ஒஹையோவில் சாலையில் நாலு லேனோ அதற்கு மேலோ இருந்தால் எதிர்ப்பக்கம் நிற்கத் தேவையில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் மூன்று லேன் இருந்தாலே போதும். டெக்சாஸில் லேன் கணக்கு கிடையாது, நடுவில் தடுப்போ வண்டி போகக் கூடாத இடைவெளியோ வேண்டும். நடுவில் இடது பக்கம் திரும்புவதற்கென்று விட்டிருக்கும் லேனை மீடியன் என்று எண்ணி ஓட்டிவிட்டு, அங்கே மாட்டுபவர்கள் ஏராளம். வேறு மாநிலத்துக்குக் குடிபோகும்போது பழைய மாநில அறிவை மூட்டை கட்டி எடுத்துப் போகாதீர்கள். அந்த மாநில டிரைவர் கையேட்டில் ஸ்கூல் பஸ் பகுதி ஒரு பக்கம்தான் இருக்கும், படித்துவிடுங்கள். எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்பதும் மாறும்: பென்சில்வேனியாவில் 10 அடி, நியூயார்க்கில் 20, நியூ ஜெர்சியில் 25. நினைவில் வைக்க முடியாதென்றால் 25 அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்றுக்கும் போதும்.

ஒரே திசையில் பஸ்ஸுக்குப் பின்னால் வருபவருக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. எத்தனை லேன் இருந்தாலும், எந்த மாநிலமானாலும் நிற்க வேண்டும். வலது பக்கம் இடம் இருக்கிறதே என்று அந்தப் பக்கமாகப் புகுந்து போவதை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். கதவு இருப்பதே அங்கேதான்.

அப்புறம் அந்த மஞ்சள் விளக்கு. பஸ் நிற்பதற்குக் கொஞ்சம் முன்பே மஞ்சள் மின்னத் தொடங்கும், நிற்கப் போகிறேன் என்று அர்த்தம். சிக்னலில் செய்வதுபோல இங்கேயும் ஆக்ஸிலேட்டரை அமுக்குகிறார்கள். மணிக்கு 40 மைல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 59 அடி. மூளை முடிவெடுத்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால் அதற்குள்ளேயே 90 அடி போய்விட்டது, பிரேக் பிடித்து நிற்பதற்கு இன்னும் அதே அளவு வேண்டும். அதற்குள் மஞ்சள் சிவப்பாகி, பலகை விரிந்து, கேமரா விழித்துக்கொண்டிருக்கும்.

நின்றவர்களும் அவசரப்படுகிறார்கள். குழந்தை சாலையைக் கடந்து வீட்டு வாசலுக்கே போயாயிற்று, இன்னும் என்ன என்று கிளம்பிவிடுவார்கள். பலகை மடங்கி சிவப்பு அணையும்வரை, அல்லது பஸ் நகரும்வரை, அல்லது டிரைவரே போங்கள் என்று கை காட்டும்வரை பொறுங்கள். இரண்டாவது குழந்தை ஒன்று பையைத் தேடிக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே இருக்கலாம். முன்னால் நிற்கும் காரைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து நகர்த்துகிறவர்களைப் பற்றி எழுதினால் வார்த்தை தடித்துவிடும், விட்டுவிடுகிறேன்.

"நான் பார்த்தபோது குழந்தையே இல்லையே" என்பது எல்லோரும் சொல்லும் சாக்கு. 2018 அக்டோபர் 30, இந்தியானா மாநிலம் ராச்செஸ்டர் அருகே, விடியாத இருட்டில் நெடுஞ்சாலையின் மறுபக்கம் நின்ற பஸ்ஸில் ஏறுவதற்காகக் கடந்த மூன்று குழந்தைகள் எதிரே வந்த பிக்கப் டிரக் மோதி இறந்தார்கள். ஆறு வயது இரட்டையர், அவர்களின் ஒன்பது வயது அக்கா. பஸ்ஸில் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன, பலகையும் விரிந்திருந்தது. ஓட்டிய பெண் குடித்திருக்கவில்லை. விளக்குகளைப் பார்த்திருக்கிறார், அது ஸ்கூல் பஸ் என்றுதான் அவருக்கு உறைக்கவில்லை. அந்த விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கேமராவை அனுமதிக்காத மாநிலங்கள் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருட்டில் என்னவென்று புரியாத விளக்குக் கூட்டம் மின்னினால், அது எதுவாக இருந்தாலும் முதலில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது. இதற்குப் பிறகு நடக்கும் தவறுகளில்தான் பணம் வீணாகப் போகிறது.

விசாவில் இருப்பவர்கள் பலர் பதறிப்போகிறார்கள். கேமரா கண்டுபிடித்தது பொதுவாக வண்டி உரிமையாளர் மேல் விழும் சிவில் அபராதம். நியூயார்க்கில் முதல் முறை 250 டாலர், 18 மாதத்துக்குள் மறுபடி என்றால் 275, அதற்கப்புறம் 300. லைசென்ஸில் பாயின்ட் (விதிமீறலுக்கு ஏறும் தண்டனைப் புள்ளி) ஏறாது, குற்றத் தீர்ப்பாகக் கணக்கில்லை, இன்சூரன்ஸுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நேரில் போலீஸ் பிடித்து எழுதும் டிக்கெட் வேறு ஜாதி. அதில் பாயின்ட் உண்டு, சிறைகூட வரலாம். பென்சில்வேனியாவில் கேமரா என்றால் 300 டாலரோடு போகும், போலீஸ் பிடித்துத் தீர்ப்பானால் 5 பாயின்ட், 60 நாள் லைசென்ஸ் முடக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 250 டாலர் நோட்டீஸுக்கு அதைவிட அதிகமாக வக்கீலுக்குக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்தவர்தான்.

இதற்கு நேர்மாறானது, பாயின்ட் இல்லையே என்று கவரைத் தூக்கிக் குப்பையில் போடுவது. கெடு தாண்டினால் நியூயார்க்கில் 25 டாலர் கூடும். ஃப்ளோரிடாவில் கட்டாமல் விட்டால் அது முறையான போக்குவரத்து வழக்காக மாறி, செலவு ஏறும்.

வீடியோவைப் பார்க்காமல் பணம் கட்டுவதும் தவறுதான். நோட்டீஸில் இருக்கும் எண்ணைப் போட்டால் இணையத்தில் வீடியோ வரும். சிவப்பு மின்னுகிறதா, நீங்கள் தாண்டும்போது பலகை விரிந்திருந்ததா, பிளேட் உங்களுடையதா, நடுவில் தடுப்பு இருக்கிறதா, அந்த மாநிலத்தில் அந்தத் தடுப்பு கணக்கில் வருமா என்று பாருங்கள். ஃப்ளோரிடாவின் மயாமி-டேட் கவுன்டியில் 2024இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது, நிற்கவே தேவையில்லாத மீடியன் சாலைகளில் எதிர்ப்பக்கம் போனவர்களுக்கும் நோட்டீஸ் போனது. 2025 ஏப்ரலில் அந்தக் கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் இதை நிறுத்தி வைத்தார். ஆனால் அங்கே செல்லுபடியாகும் வாதம் நியூயார்க்கில் செல்லாது என்பதுதான் மச்சான் வாங்கிக் கொடுத்த பாடம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சட்ட ஆலோசனையையும் நம்பாதீர்கள். "வீடியோவில் குழந்தை ஏறுவதோ இறங்குவதோ தெரியவில்லை என்று வாதாடினால் தள்ளுபடி" என்று ஒன்று இன்னும் ஓடுகிறது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு அந்த மாதிரிதான் வந்தது: பஸ் ஆளை ஏற்றவோ இறக்கவோதான் நின்றது என்று கவுன்டி நிரூபிக்க வேண்டும் என்றார்கள். 2024இல் சட்டத்தைத் திருத்தி, வீடியோவைப் பார்த்து அப்படித்தான் நின்றது என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நீங்கள் நிரூபியுங்கள் என்று மாற்றிவிட்டார்கள். பழைய ஃபார்வர்டை நம்பி ஒருநாள் லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள்.

"ஓட்டியது நான் இல்லை" என்பது வேறு பல போக்குவரத்து வழக்குகளில் உதவும். நியூயார்க் கேமரா நோட்டீஸில் உதவாது. கார் திருடு போயிருந்து போலீஸ் புகாரும் இருந்தால் தப்பலாம், மச்சான் ஓட்டினார் என்பதற்கு மதிப்பில்லை. வாடகைக் கார் என்றால் நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, அதற்கும் ஒரு கட்டணத்தை உங்கள் கார்டிலேயே எடுத்துக்கொள்ளும்.

முதல் நோட்டீஸ் தபாலில்தான் வரும். போனுக்கு மெசேஜ் அனுப்பி, லிங்கைத் தொட்டு உடனே கட்டு என்றால் அது, டோல் பாக்கி இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடியின் தம்பி. அதனால்தான் பதிவில் இருக்கும் முகவரி முக்கியம். வருடம் ஒரு அபார்ட்மென்ட் மாறும் கூட்டம் நாம், அமேசானில் முகவரியை அன்றே மாற்றுவோம், வண்டியும் லைசென்ஸும் பதிவாகியிருக்கும் டி.எம்.வி. அலுவலகத்தில் மட்டும் பழையதே கிடக்கும். நியூயார்க்கில் வீடு மாறிய 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். என் கவரும் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. அங்கே இப்போது இருப்பவர் நல்ல மனிதர், போன் பண்ணி வாங்கிக்கொள்ளச் சொன்னார். கெடுவுக்கு அப்போது நாலு நாள் மிச்சம் இருந்தது.