பாட்டிலுக்குள் ஒரு மார்புக்கூடு: மூச்சு நடக்கும் விதத்தைச் செய்து பார்ப்போம்

நுரையீரல்தான் காற்றை இழுக்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தன்னை விரித்துக்கொள்ள அதற்குத் தசையே கிடையாது. மார்பு முதலில் விரிகிறது, காற்று அப்புறம்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சிழுப்பதுபோலச் செய்து பாருங்கள். காற்று வராது, ஆனாலும் விலா கொஞ்சம் எழும்பும். இதையே கண்ணால் பார்க்கத்தான் இந்தச் செய்முறை.

தேவையானவை: ஒரு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் (தண்ணீர் பாட்டில் வேண்டாம், மெல்லிசாக இருப்பதால் அமுங்கிவிடும்), வளையும் ஸ்ட்ரா 2, சின்ன பலூன் 2, பெரிய பலூன் 1, நூல், செல்லோ டேப், எம்-சீல்.

படி 1: மூச்சுக்குழாய்

இரண்டு ஸ்ட்ராவின் நேர்ப்பகுதிகளையும் சேர்த்து டேப் சுற்றுங்கள். வளையும் முனைகள் ஆளுக்கொரு பக்கம் பிரியட்டும். சேர்ந்திருப்பது மூச்சுக்குழாய், பிரிவது நுரையீரலுக்குப் போகும் இரு கிளைகள்.

நம் மூச்சுக்குழாய் அமுங்கிவிடாமல் தாங்குவது 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள். ஒன்றும் முழு வட்டம் இல்லை. லாடம்போல பின்பக்கம் திறந்திருக்கும். அங்கேதான் உணவுக்குழாய் ஒட்டியிருக்கிறது, பெரிய கவளம் இறங்கும்போது கொஞ்சம் இடம் கிடைக்கும். விழுங்கும்போது குரல்வளைமூடி சரியாக மூடாவிட்டால்தான் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று நாம் தலையில் தட்டிக்கொள்கிறோம்!

படி 2: நுரையீரல்

சின்ன பலூன்களை இரண்டு மூன்று முறை ஊதி, காற்றை விட்டுத் தளர்த்துங்கள். புது பலூன் விறைப்பாக இருந்தால் கடைசியில் அசையவே அசையாது. ஒவ்வொரு முனையிலும் ஒன்றை மாட்டி நூலால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் ஸ்ட்ரா நசுங்கும். மேலே வாய் வைத்து ஊதினால் இரண்டும் உப்ப வேண்டும்.

இடப்பக்க பலூன் கொஞ்சம் சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. இதயத்துக்கு இடம் விட்டதால் இட நுரையீரலுக்கு 2 மடல்கள்தான், வலதுக்கு 3.

படி 3: மார்புக்கூடு

பாட்டிலின் அடியை வெட்டி (கத்தியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்), விளிம்பில் டேப் ஒட்டுங்கள். அடிவழியாக ஸ்ட்ராவை நுழைத்து, கழுத்துக்கு வெளியே நீட்டி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். முதல் தடவை நான் சோம்பல்பட்டு சப்பாத்தி மாவை அப்பினேன். மறுநாள் காய்ந்து வெடித்துவிட்டது, பலூன் அசையவில்லை. காற்று கசிந்தால் இந்தக் கருவி வெறும் பாட்டில்தான்.

படி 4: உதரவிதானம்

பெரிய பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மீதியைப் பாட்டிலின் அடியில் தோல்போல இழுத்து மாட்டி, டேப் ஒட்டுங்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசை இது. விக்கல் எடுக்கும்போது வெட்டி இழுப்பதும் இதுதான்.

இப்போது அதை மெல்லக் கீழே இழுங்கள். பாட்டிலுக்குள் இடம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று ஸ்ட்ரா வழியே புகுந்து பலூன்கள் விரிகின்றன. விட்டால் சுருங்கும். அமைதியாக மூச்சு விடும்போது நம் உடம்பிலும் இதே கதைதான்: தசை தளர்ந்தால் போதும். இருமுவதற்குத்தான் வயிற்றுத் தசையின் உதவி வேண்டும்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 500 மி.லி., அதாவது இந்தப் பாட்டிலில் பாதி. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை.

இந்த மாதிரியில் குறைகளும் உண்டு. பாட்டில் விரியாது, விலா விரியும். உண்மையான உதரவிதானம் குடைபோல மேல்நோக்கி வளைந்திருந்து, சுருங்கும்போது தட்டையாகிறது. நுரையீரலும் வெற்றுப்பை இல்லை, பஞ்சு மாதிரி. 30 கோடிக்கும் அதிகமான நுண்ணறைகள். அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறுகிறது. உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன், வெளியே வரும்போதும் 16 சதவீதம் வரை மிச்சமிருக்கும். வாயோடு வாய் வைத்து ஊதி ஒருவரைப் பிழைக்க வைக்க முடிவது அதனால்தான்.

படி 5: ஊசித்துளைகள்

சூடான ஊசியால் பாட்டிலின் பக்கவாட்டில் நான்கைந்து துளைகள் போட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். காற்று துளைவழியே புகுந்துவிடும், பலூன்கள் துவண்டே கிடக்கும். மார்பில் குத்துப்பட்டு, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்தால் ஆவதும் இதுதான். மருத்துவர்கள் மார்பில் குழாய் செருகி அந்தக் காற்றை வெளியேற்றுவார்கள். நமக்கு ஒரு துண்டு டேப் போதும். ஒட்டிவிட்டு இழுங்கள், பலூன்கள் மறுபடி எழும்.