கப்பிக்கு நெருஞ்சில் கொடுக்கும் முன்

கப்பி என்ற சின்ன வண்ணமீனில் ஆண்தான் காசு. விசிறி வாலும் நிறமும் அதற்குத்தான். பெண் ஜோடி சேர்க்க மட்டுமே விலைபோகும். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் பிழைப்பாக இருக்கும் இடங்களில் நாட்டுமருந்துக் கடை மேல் ஒரு கண் விழுவது இதனால்தான். 2007-ல் துருக்கி ஆய்வாளர்கள் நெருஞ்சில் சாற்றைக் கப்பியில் சோதித்து, ஆண்கள் கூடியதாக எழுதினார்கள். அதைக் கேள்விப்பட்டுத் தொடங்குபவர்கள் சறுக்கும் இடங்கள் சில.

முதலாவது, நேரம். கப்பி குட்டி போடும் மீன். ஆணா பெண்ணா என்ற திசை தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடும். குட்டி பிறந்த கையோடு, அல்லது சினைத் தாய்க்கே கொடுத்தால்தான் கொஞ்சமாவது அர்த்தம். ஒரு மாதக் குஞ்சுக்குப் பொடி தூவினால் பாலினம் அசையாது, தண்ணீர்தான் கலங்கும்.

கடையில் ‘நெருஞ்சில்’ என்று கேட்டால் சிறு நெருஞ்சிலும் வரும், யானை நெருஞ்சிலும் வரும். இரண்டும் வேறு வேறு குடும்பச் செடிகள். பொடியாக வாங்கினால் எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. காயாக வாங்கி, முள்ளைப் பார்த்து, நாமே அரைப்பது நல்லது. அந்த ஆய்வில் சாறு கலந்தது தண்ணீரில். லிட்டருக்குச் சொன்ன அளவைக் கிலோ தீவனத்துக்கு அப்படியே மாற்றுவது வெறும் குருட்டுக் கணக்கு. கூடப் போட்டால் கூடப் பலன் என்பதும் இங்கே ஆகாது: நெருஞ்சிலில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு, அந்த வகைப் பொருட்கள் மீனின் செவுளைத் தாக்கக்கூடியவை.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது எண்ணிக்கைதான். முப்பது குட்டியில் 19 ஆண் வந்தால் மருந்து வேலை செய்தது என்கிறார்கள். ஒன்றுமே கொடுக்காமல் விட்டாலும், பத்து ஈற்றில் ஒன்றில் 19 அல்லது அதற்கு மேல் ஆண் வருவது சாதாரணம். பக்கத்திலேயே அதே வயசு, அதே வெப்பநிலை, அதே தீவனம், மருந்து மட்டும் இல்லாத தொட்டி ஒன்று இல்லையென்றால் அது கணக்கே இல்லை. செத்த குட்டிகளையும் எண்ண வேண்டும். பெண் குட்டிகள் செத்துப்போய் மிஞ்சியதெல்லாம் ஆணாகத் தெரியலாம்.

நிறம் இன்னொரு ஏமாற்று. ஆண் ஹார்மோன் பட்டால் வளர்ந்த பெண் கப்பிக்கும் வாலில் நிறம் ஏறும். உள்ளே இருப்பதோ சினைப்பைதான். உறுதி வேண்டுமானால் ஒன்றிரண்டைத் தியாகம் செய்து, இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கி, அசிட்டோகார்மின் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முட்டைச் செல்கள் வட்ட வட்டமாகப் பளிச்சென்று தெரியும்.

இத்தனையும் தாண்டி நிஜமாகவே ஆணாக மாறிய மீனை ஜோடி மீனாக விற்பதுதான் பெரிய தப்பு. அதன் மரபணு இன்னும் பெண்ணுடையது, எக்ஸ் எக்ஸ் குரோமோசோம். அது சாதாரணப் பெண்ணோடு சேர்ந்தால் குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே பெண். வாங்கிப் போனவர் மூன்று மாதத்தில் திரும்பி வருவார், கையில் பெண் கப்பி நிறைந்த பையோடு.