ஆடு கொடுக்கும் முன் அந்த வீட்டைப் பாருங்கள்

கோயில் கமிட்டியோ, பங்குப் பேரவையோ, ஜமாத்தோ, ஏழைக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதலில் வரும் பேச்சு ஆடு, இல்லையென்றால் தையல் மிஷின். குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். வீட்டுக்கு இரண்டு பெட்டை ஆடு. கொடுத்த மாதம் ஐப்பசி. கடலூரில் மழை பிடிக்கிற மாதம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு வீட்டுக்குப் போனேன். கூரை ஒழுகி, தரையெல்லாம் சகதி. அந்த அம்மா ஆட்டை அடுப்போரம் கட்டி, தன் பழைய புடவையைப் போர்த்தியிருந்தார். மூக்கொழுகி, கழிச்சல் கண்டு, அது மறுநாள் செத்துப்போனது. "நீங்க நம்பிக் கொடுத்ததக் காப்பாத்த முடியலையே" என்று அவர் எங்களிடம் வருத்தம் தெரிவித்தார். தவறு எங்களுடையது.

ஆட்டைத் தை மாதத்துக்கு மேல் கொடுங்கள். அதற்கு முன்னால் நனையாத இடத்தில் ஆடு நிற்க, தரையிலிருந்து உயர்த்திய ஒரு பரண் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் ஆட்டை ஒப்படைப்பதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிடுங்கள். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. சினை பிடித்த பிறகு குட்டி போட ஐந்து மாதம் ஆகும். அதற்குள் வாரத் தவணைக்காரர் வாசலில் நின்றால் ஆடு சந்தைக்குத்தான் போகும். அதனால் அந்த வீட்டுக் கடனையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தையல் மிஷின் விஷயம் சுருக்கம்தான். ஒரே தெருவில் பத்து மிஷின் கொடுத்தால் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது யார்?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அப்படி மரம் இழந்த வீட்டுக்கு முந்திரிக் கன்று கொடுத்துவிட்டு வந்தால் போதாது. கன்று காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரை இடையில் போட மல்லாட்டை (நிலக்கடலை) விதையோ உளுந்தோ சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

அப்புறம், எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று. வழிபாட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் உதவி, மேடையில் மைக்கில் பெயர் கூப்பிட்டு ஆட்டுக் கயிற்றோடு போட்டோ. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்கார என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. பசி என்றால் போதும். நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு வழக்கம் இருக்கும்போது நாம் வருகைப் பதிவேடு பார்த்து ஆடு கொடுப்பது சரியே இல்லை. இப்போது நாங்கள் வீட்டிலேயே போய்க் கொடுக்கிறோம். போட்டோ எடுப்பதில்லை.

"முதல் குட்டியை அடுத்த வீட்டுக்குத் தர வேண்டும்" என்ற நிபந்தனை நல்லதுதான். ஆனால் முதல் ஈற்றில் ஒற்றைக் குட்டிதான் பிறந்தது என்றால் கேட்காதீர்கள். இரண்டாம் ஈற்று வரை பொறுங்கள்.