வீட்டு வேலையைக் குழந்தைகளுக்கு விளையாட்டாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த கோடை விடுமுறையின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணையை ஒட்டினேன். சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வைத்தால் ஒரு நட்சத்திரம், துணி மடித்தால் இரண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒன்று, இருபது சேர்ந்தால் ஐஸ்கிரீம் என்பது ஏற்பாடு. எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, என் மாமியாரின் கையிலிருந்து சொம்பு நழுவிக் கூடமெங்கும் தண்ணீர் ஓடியது. அருகில் படம் வரைந்துகொண்டிருந்த பேரனிடம், “அந்தப் பழந்துணிய எடுத்துப் போடு ராசா, வழுக்கிரும்” என்றார். அவன் தலையை நிமிர்த்தாமலே, “எத்தன ஸ்டார் அப்பத்தா?” என்று கேட்டான்.

அவன் மேல் குற்றமில்லை. நான் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்தான். வேலையை விளையாட்டாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அதற்குக் கூலி நிர்ணயித்திருந்தேன். இந்த முயற்சியில் இறங்கும் பெற்றோரில் பலர் முதலில் செய்யும் தவறும், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறும் இதுதான்.

இதைப் பற்றி 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இயல்பாகவே படம் வரைவதில் ஆசை கொண்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. சில நாட்கள் கழித்து, யாரும் கேட்காதபோது யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. 2008-இல் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் தோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருபது மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை இன்னும் நெருக்கமானது: கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்கு விளையாட்டுப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பின்னர் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நடை பழகும் வயதிலேயே உதவ விரும்பும் குழந்தையிடம் அந்த விருப்பத்தை நாமே விலைக்கு வாங்கிவிடுகிறோம் என்பது என்னை மிகவும் வருத்திய செய்தி.

அப்படியானால் விளையாட்டு எங்கிருந்து வர வேண்டும்? வேலைக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் உழவர்கள் ஏற்றம் இறைக்கும்போது பாடிய ஏற்றப்பாட்டு, இறைத்த சால்களின் எண்ணிக்கையையே பாட்டுக்குள் வைத்திருந்தது. வேலைக்கு வெளியே யாரும் பரிசு வைத்துக் காத்திருக்கவில்லை. வீட்டிலும் அப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன. பிதுக்குப் பருப்புக் குழம்புக்காக மொச்சையை இரவே ஊறவைத்துக் காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், தோல் கையில் நிற்கப் பருப்பு துள்ளிக்கொண்டு வெளியே பாயும். பாத்திரத்தை ஒரு சாண் தள்ளிவைத்து அதற்குள் விழும்படி பிதுக்கச் சொன்னால் ஐந்து வயதுப் பையன் அரைமணி நேரம் நகராமல் உட்காருவான். எங்கள் வீட்டில் முதல் நாள் பாதிப் பருப்பு சோபாவுக்கு அடியில் கிடந்தது; மறுநாள் பாத்திரத்தில் கிடந்தது. பச்சை மொச்சைக் காயைத் தடவிப் பார்த்து உள்ளே எத்தனை கொட்டை என்று ஊகித்துச் சொல்லிவிட்டு உரிப்பதும், துவைத்த காலுறைக் குவியலில் ஜோடி தேடுவதும், முருங்கைக்கீரைக் காம்பை ஒரே இழுப்பில் உருவுவதும் இந்த வகைதான். பரிசை எடுத்துவிட்டாலும் இவற்றில் விளையாட்டு மிஞ்சியிருக்கும்.

அடுத்த தவறு, உடன்பிறந்தவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவது. “யார் முதல்ல முடிக்கிறீங்கன்னு பார்ப்போம்” என்ற ஒரு வாக்கியம் முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான் உதவும். எட்டு வயதுக் கை எப்போதும் ஐந்து வயதுக் கையை வெல்லும்; தோற்பவனுக்குத் துணி மடிப்பது என்றாலே தோல்வியின் நினைவு வரும், வெல்பவள் கசங்கலாக மடித்து முடிப்பாள். இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தி, ஒரு பாட்டு முடிவதற்குள் கூடத்தில் சிதறிய பொம்மைகளைக் கூடைக்குள் சேர்க்க முடியுமா என்று கேட்டால் பெரியவள் தானாகவே சின்னவனுக்குக் கைகொடுப்பாள். ஆனால் கண்ணாடிப் பாத்திரம், சூடான பாத்திரம், ஈரத் தரை ஆகியவை உள்ள வேலைகளில் நேரப் போட்டியே கூடாது.

குழந்தை செய்து முடித்ததை அதன் கண் முன்னாலேயே மறுபடி செய்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை நாம் தவறு என்றே உணர்வதில்லை. மகள் மடித்து அடுக்கிய துண்டுகளை, விளிம்பு சேரவில்லை என்று நான் ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் எதுவும் பேசவில்லை. மறுநாள் துணிக்கூடையின் பக்கமே வரவில்லை. அவளுடைய வேலை கணக்கில் சேரவில்லை என்பதை என் கைகளே அவளுக்குச் சொல்லிவிட்டன. நேர்த்தி வேண்டுமென்றால், எது முடிந்த வேலை என்பதைத் தொடங்கும் முன்பே சேர்ந்து பேசிக்கொள்ள வேண்டும்: “அலமாரித் தட்டுக்கு வெளியே துண்டு நீட்டக் கூடாது” என்ற ஒரே விதி போதும். அதற்கு மேல் உள்ள கோணல்களை நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்கவே முடியாத வேலையாக இருந்தால், அதைக் குழந்தையிடம் கொடுக்காமல் இருப்பதே நேர்மை.

“ரூமச் சுத்தம் பண்ணு” என்பதும் குழந்தைக்குப் புரியாத கட்டளை. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று தெரியாத ஒன்றில் விளையாட முடியாது. “சிவப்பு நிறப் பொருள் எல்லாவற்றையும் முதலில் எடு” என்றால் கை உடனே நகரும். கருவியின் அளவும் அப்படித்தான். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சிறு கைகளுக்கு ஏற்ற உண்மையான பொருட்களைக் கொடுத்தபோது குழந்தைகள் பொம்மைகளை விட்டுவிட்டு அவற்றையே நாடியதைக் கண்டார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவரும் அவர்தான். பொம்மைத் துடைப்பத்தால் குப்பை அள்ள முடியாது, பெரியவர்களின் துடைப்பத்தைக் குழந்தையால் தூக்க முடியாது. தேய்ந்து குட்டையான பழைய துடைப்பத்தைத் தூக்கி எறியாமல் கொடுத்தாலே போதும்.

மகளுக்குப் பாத்திரமும் மகனுக்குக் கடைக்குப் போய்வருவதுமாக விளையாட்டைப் பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். அந்த இடைவெளி திருமணத்துக்குப் பின் திடீரென்று முளைப்பதன்று. சொப்புச் சாமான் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அந்தக் குலுக்கலில் அப்பாவின் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சில இடங்களில் விளையாட்டே கூடாது. அடுப்பு, அரிவாள்மனை, கிரைண்டர் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கையாகவே இருக்கிறோம்; ஆனால் ஃபினாயிலையும் கழிப்பறை ஆசிட்டையும் காலியான குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீரைக் கலந்து நிறம் மாற்றி விளையாடப் பழகிய குழந்தை இவற்றையும் கலந்து பார்க்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வெளியாகும். இவை அனைத்தும் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

விளையாட்டாகக் கொடுத்த வேலையையே கோபம் வந்த நாளில் தண்டனையாகக் கொடுப்பதும் தவறு. “அடிச்சுக்கிட்டீங்கல்ல, போய்த் துணி மடிங்க” என்று ஒருமுறை சொன்னால் மாதக்கணக்கில் கட்டியது சரிந்துவிடும். எல்லா வேலையிலும் விளையாட்டைத் தேடித் திணிப்பதும் வேண்டாம்; கழிவறை தேய்ப்பதில் வேடிக்கை எதுவுமில்லை, நாம் பயன்படுத்துவதால் நாமே தேய்க்கிறோம் என்று சொன்னால் குழந்தைக்குப் புரியும். ஒரு விளையாட்டு சில வாரங்களில் சலித்துப்போவதும் இயல்புதான். அப்போது அதைவிடப் பெரிய விளையாட்டைக் கண்டுபிடிக்க அலையாமல், வேலையை மட்டும் சாதாரணமாகத் தொடரவிடலாம்.

அட்டவணையைக் கிழித்த அன்று மகன் ஐஸ்கிரீமுக்காக அழுதான். சேர்த்து வைத்திருந்த பதினான்கு நட்சத்திரங்களையும் கணக்கில் எடுத்து, பாக்கியை மன்னித்து, வாங்கிக் கொடுத்துக் கணக்கை முடித்தோம். இப்போது மகள் பாட்டு எதுவும் போடாமலே துணி மடிக்கிறாள். மகன் மொச்சை ஊறுகிறதா என்று இரவே பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, காலையில் அப்பத்தாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிதுக்குகிறான்.