மண் சொப்புகள் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளங்கைக்குள் அடங்கும் அடுப்பு, பானை, உரல், அகல் என மண்ணில் சொப்புச் சாமான்கள் செய்யத் தொடங்குவோர், உருவம் சிறியதென்பதால் வேலையும் எளிதென்று எண்ணிவிடுகிறார்கள். பெரிய பானை பொறுத்துக்கொள்ளும் குறைகளைச் சொப்பு பொறுத்துக்கொள்ளாது.

பெரிய பானைக்குப் பிசைந்த மண்ணையே இதற்கும் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பானைக்கு வலுவூட்டும் மணற்பரல், இரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள சுவரில் ஓட்டைக்கு வழி செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரி வண்டலில் சுக்கான் கல் (சுண்ணாம்புக்கல்) துணுக்குகள் கலந்திருந்தால் இன்னும் ஆபத்து: சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவை சுட்ட சுண்ணாம்பாக மாறி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, மேற்பரப்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும். சுட்ட அன்று பழுதின்றி இருந்த குடத்தின் வயிற்றில் சில நாள் கழித்துக் குழி விழுந்து, அதன் அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பலரும் சூளையைக் குறை சொல்கிறார்கள். கோளாறோ சலிக்காத மண்ணில் இருக்கிறது. சந்தேகமான துணுக்கின்மீது எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்து, அது நுரைத்தால், மண்ணை நீரில் கரைத்து நுண்ணிய சல்லடையில் வடிகட்டித் தெளியவைத்து, ஈரத்துணி போர்த்திச் சில நாள் ஊறவிட வேண்டும். கயிறாகத் திரித்து விரலில் சுற்றும்போது வெடிக்காத மண்ணே சொப்புக்கு உரியது.

காய்ந்துவிட்ட உடலில் ஈரமான பிடியை ஒட்டினால், இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்குவதால் ஒட்டிய இடம் பிளக்கும். இரண்டும் ஒரே பதத்தில் இருக்கும்போது, ஒட்டும் பரப்பைக் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துவதே முறை. உரல், குதிரை போன்றவற்றை உள்ளே குடையாமல் கட்டியாகச் செய்து சுட்டால், சிக்கிய ஈரம் ஆவியாகி அவற்றை உடைத்துவிடக்கூடும். சூளையை அவசரமாகத் திறப்பதும் கேடு. சூளை ஆறும்போது 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சட்டெனச் சுருங்குவதால், அந்தக் கட்டம் கடக்கும் முன் குளிர்காற்று பட்டால் விரிசல் விழும்.

முன்னோர் மரபைப் பின்பற்றுவதாகச் சொல்லி, சிவந்த சொப்பின் உட்புறத்தில் கறுப்பு எனாமல் பூசுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாதது. அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்ட, கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கறுப்பு சிவப்புப் பாண்டங்களும் கிடைத்துள்ளன. அந்தக் கறுப்பு பூச்சால் வந்ததல்ல. பாண்டத்தைக் கவிழ்த்துச் சுட்டதில், காற்று எட்டாத உட்புறம் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உமியில் கவிழ்த்துச் சுட்டுப் பழகினால் இதை ஓரளவு வரவழைக்கலாம். மேலும், குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளில் எனாமல் கூடவே கூடாது.

மாதிரிக்காக கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம் போன்ற பெருங்கற்கால (பெரிய கற்களால் ஈமச்சின்னங்கள் எழுப்பிய காலத்து) களங்களிலிருந்து பானை ஓடுகளைப் பொறுக்கி வருவதும் தவறு. கிடந்த இடத்தை விட்டு எடுத்த ஓடு, ஆய்வாளருக்குச் சொல்லக்கூடிய செய்தியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. விளிம்பின் வளைவையும் கழுத்தின் அளவையும் அங்கே பார்த்து வரைந்துகொள்ளலாம்.